நசாருக்குத் தோள் நோகும்

1

நான் கட்டின பாட்டைக் கேட்டு ஒரு நோர்வேக் கிழவி அழுதார். அது அழுகிற பாட்டு இல்லை.

பாடினது என் மகள் துளசி. இடம், நாங்கள் இருக்கும் வடக்கு நோர்வேத் துறைமுக ஊரில் ஒரு பழைய மீன் கிடங்கு. இப்போது அது கோப்பிக் கடை. நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். கிழவி என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பாட்டு முடிய என் கையைப் பிடித்தார்.

"இது சிரிக்கிற பாட்டு" என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "அழுகிற பாட்டு" என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். சிரிப்புக்கும் அழுகைக்கும் எனக்குச் சொல் மாறிவிட்டது என்று நினைத்துவிட்டார். இருபத்தெட்டு வருடம் இங்கே இருக்கிறேன். அந்த இரண்டு சொல்லும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் திருத்த வருகிறவர்களோடு நான் கதைக்கப் போவதில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

அந்தப் பாட்டு இப்போது வெளியில் வந்துவிட்டது. திருகோணமலையில் இருக்கிற சிலரும் கேட்டுவிட்டார்கள். யார் இந்த நசார் என்று எனக்குப் போன் எடுத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல என்னால் ஏலாது. நசாரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

2

மகளுக்கு இருபத்துநாலு வயது. பகலில் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் வேலை. மற்ற நேரம் பாட்டு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். பாதி நோர்வே மொழி, பாதி தமிழ். தமிழ் கொஞ்சம் வழுக்கும். 'ழ' மட்டும் நன்றாக வரும். அதற்கு அவளுடைய அம்மா பட்ட பாடு.

முதலில் நான் இதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு பார்க்கப் பார்க்க எனக்கு அதில் ஒரு புதினம். எனக்கு ஒரு வேலையைப் பார்த்தால் அது எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டும்.

அவளிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. நிலத்தில் கிடக்கும். காலால் மிதித்துவிட்டு ஒரு வரி பாடுவாள். திரும்ப மிதித்தால் அந்தப் பெட்டி அதே வரியைப் பாடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே இன்னொரு குரல், அதற்கு மேலே இன்னொன்று. கடைசியில் ஒருத்தி நின்று பாட ஒரு கூட்டமே பாடுவது போல இருக்கும்.

"எத்தனை பேரை இதுக்குள்ள அடைக்கலாம்?" என்று கேட்டேன்.

"எத்தனையும் அடைக்கலாம் அப்பா. பிறகு சத்தம் களியாப் போயிடும்."

"எங்கட கரைவலையில நாப்பது பேர் நிண்டு பாடினவங்கள். களியாகேல்ல."

"உங்கட ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கவேணும். இதுக்கு பற்றரி காணும்."

பாட்டைப் பதிவதற்கு ஊரில் ஒரு இடமும் இல்லை. என்னுடைய அலுமாரிக்குள் நின்று பாடுவாள். என் குளிர்ச் சட்டைகள் ஒன்பது அதில் தொங்குகின்றன. துணி சத்தத்தைக் குடித்துவிடும், எதிரொலி வராது என்றாள். ஒரு நாள் வேலைக்குப் போகும் நேரம் சட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். காதில் பாட்டுக் கேட்கிற குமிழ் போட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு, என் சட்டைகளுக்கு நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு மெல்லிய சட்டையோடு வேலைக்குப் போனேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை.

"பாட்டுப் போடுற கொம்பனி எது?" என்று மனைவி கேட்டாள்.

"கொம்பனி இல்லை. நான்தான் கொம்பனி" என்றாள் மகள்.

3

நான் திருகோணமலைக்குப் பக்கத்தில், சாம்பல்தீவில் கரைவலை இழுத்தவன். வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விடுவார்கள். இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வரும். பக்கத்துக்கு இருபது பேர் நின்று இழுக்கவேண்டும். மாரி முடிந்து கடல் அடங்கினால் தொழில் தொடங்கும். பக்கத்து ஊர்க்காரர், மூதூர்க்காரர் எல்லாரும் வந்து கடற்கரைக் கொட்டிலில், வாடி என்போம், தங்கி நிற்பார்கள்.

இழுக்கும்போது பாட்டு வேண்டும். அதை அம்பா என்போம். ஒருத்தன் வரி கொடுப்பான். மற்றவர்கள் "ஏலே ஏலோ" என்று சொல்லி ஒரே மூச்சில் இழுப்பார்கள். எங்கள் வலையில் வரி கொடுக்கிறவன் நான். குரல் பெரிது. வேறு ஒன்றும் இல்லை.

சாமி பாட்டோடு தொடங்கும். கயிறு பாரமாகும்போது சாமி பாட்டு மட்டும் காணாது. ஆட்களைப் பாடவேண்டும். யாருடைய மனைவி கோபித்துக்கொண்டு போனாள், யார் தேத்தண்ணிக் கடையில் கடன் சொன்னான், முதலாளியின் வயிறு எவ்வளவு பெரிது. முதலாளி பக்கத்தில்தான் நிற்பார். சிரிப்பார். சிரித்தால்தான் வலை வரும்.

அதற்கு ஒரு கட்டு இருந்தது. கயிற்றில் பாடினது கயிற்றோடு போகவேண்டும். வலை கரைக்கு வந்த பிறகு அந்த வரியைத் திரும்பச் சொல்லக்கூடாது. கடையில் சொல்லக்கூடாது, வீட்டில் சொல்லவே கூடாது. சொன்னவனுக்கு அடி விழுந்திருக்கிறது. அந்தக் கட்டு இல்லாவிட்டால் ஒரு கிழமையில் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் வெட்டியிருப்போம்.

நசார் மூதூர்க்காரன். எனக்கு இரண்டு வயது மூப்பு. ஆனால் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். லோஞ்சில் குடாவைக் கடந்து வருவான். நல்ல வேலைக்காரன். ஒரு வருடம் வந்தபோது ஆள் சுணங்கிச் சுணங்கி இழுத்தான். ஒரு காலை என்னிடம் வந்து, "இண்டைக்குத் தோள் ஏலா மச்சான்" என்றான். சரி என்றேன். கயிறு பாரமான நேரம் பாட்டாக்கிவிட்டேன்.

நசாருக்குத் தோள் நோகும்
நாளைக்கும் அது நோகும்
சோத்துக்குக் கை நீளும்
கயித்துக்குக் கை சுருங்கும்

நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்று வலை சுறுக்காக வந்தது. மூன்றாம் நாள் நசார் பையை எடுத்துக்கொண்டு லோஞ்சுக்குப் போய்விட்டான். பிறகு வரவே இல்லை. சோம்பேறி, போய்விட்டான் என்றோம்.

4

அந்தக் கட்டை மீறினது நான்தான்.

மகள் சின்னவளாக இருந்தபோது காலையில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. எங்கள் வீடு அடிவாரத்தில், பள்ளி மேட்டில். பனிக் காலத்தில் இங்கே பிள்ளைகளைச் சறுக்குப் பலகையில் இருத்திக் கயிறு கட்டி இழுப்பார்கள். கயிறு கையில் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. மேட்டில் ஏறும்போது இந்தப் பாட்டுத்தான் வந்தது. எத்தனையோ வரி இருக்க ஏன் இது வந்தது என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு வரிதான் பாடுவேன். அதற்குமேல் மூச்சு இல்லை.

ஐந்து பனிக்காலம் அவள் பின்னால் இருந்து அதைக் கேட்டிருக்கிறாள். கேட்டவள் மறக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தி வந்து கேட்டாள். "நசார் ஆர் அப்பா?"

"என்னோட வேலை செய்தவன்."

"அவருக்குத் தோள் நோவோ?"

"ஓம். நோ."

அவ்வளவுதான் சொன்னேன். அதை வைத்துப் பாட்டைக் கட்டிவிட்டாள். என் இரண்டு வரியை மெதுவாக்கி, பெட்டியில் அடுக்கி, நடுவில் நோர்வே மொழியில் தன் வரிகளைப் போட்டாள். மேடையில் பாட முந்தி ஒரு கதை சொல்வாள். "என் அப்பா கடலில் வேலை செய்தவர். அவருடைய கூட்டாளிக்குத் தோள் நோ. அவருக்காக அப்பா பாடின பாட்டு இது."

நான் பின் வரிசையில் இருந்து கேட்பேன். ஆட்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நல்ல மனுசன் என்கிற பார்வை. மகளும் அப்படித்தான் பார்ப்பாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நாட்டில் என்னை அப்படி ஆரும் பார்த்ததில்லை. மீன் ஆலையில் என் பெயரே தெரியாது. வந்த புதிதில் பெயர் பதிகிற அரசாங்கக் கந்தோரில் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். இன்றைக்கும் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

5

போன மாசி மாதம் பாட்டை வெளிவிடப் போகிறேன் என்றாள். கணினியில் ஒரு படிவம். பாட்டின் பெயர், பாடினவர், மெட்டுப் போட்டவர், சொல் எழுதினவர். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தமிழ் வரிக்கு ஊர்ப் பாட்டு எண்டு போடட்டோ? எழுதின ஆள் இல்லையெண்டால் அப்பிடித்தான் போடுறது."

"போடு" என்றேன்.

போட்டாள். பிறகு கேட்டேன், "இது எங்க எல்லாம் கேக்கும்?"

"எல்லா இடமும்."

"மூதூரிலயும்?"

"போன் இருந்தால் மூதூரிலயும் கேக்கும்."

கோப்பிக் கடையில் பாடினால் நாலு சுவருக்குள் போய்விடும். இது அப்படி இல்லை. நசார் இருக்கிறானோ இல்லையோ தெரியாது. இருந்தால் அவன் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த வலையில் நின்றவர்கள் யாராவது கேட்டால் மிச்ச இரண்டு வரியையும் தாங்களே பாடிக் காட்டுவார்கள்.

"பேரை மாத்து பிள்ளை" என்றேன்.

"ஏன்?"

"வேற பேர் போடு. கந்தன், முருகன், என்னவும்."

"அப்பா, பேர்தான் பாட்டு. ஏன் மாத்தவேணும் எண்டு சொல்லுங்கோ. காரணம் இருந்தால் மாத்துறன்."

காரணம் இருந்தது. சொல்லவில்லை. ஆலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டேன். அன்று எனக்கு விடுமுறை. அவளுக்கும் அது தெரியும்.

6

சாம்பல்தீவில் என் மனைவியின் தம்பி ரவி வான் ஓட்டுகிறான். மூதூர், தோப்பூர் எல்லாம் போய்வருவான். நசாரைத் தேடிப் பிடி என்றேன்.

"மூதூரில நசார் எண்டு கூப்பிட்டால் சந்தையில பாதிப் பேர் திரும்புவாங்கள்."

"கரைவலைக்கு வந்த நசார். தோள் நோ எண்டு கேள்."

"அறுபது வயசில ஆருக்கு அத்தான் தோள் நோகாது?"

ஆனாலும் நாலு நாளில் பிடித்துவிட்டான். நசார் தோப்பூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ரவி நம்பர் அனுப்பினான். ஞாயிறு பகல் எடுத்தேன்.

"ஆரு?"

"யோகன். சாம்பல்தீவு. கரைவலை."

காற்றடிக்கும் பம்பு மட்டும் கேட்டது.

"பாட்டுக்காரன்" என்றான்.

"ஓம்."

"இருக்கியா நீ. நோர்வேயிலயாமே. அங்கயும் வலையா?"

"இல்ல. ஆலையில மீன் பெட்டி கட்டுறது."

"அப்ப பாட்டு இல்ல."

"இல்ல."

விசயத்தைச் சொன்னேன். மகள், பாட்டு, பெயர். முதலில் சிரித்தான். "எண்ட பேரையா? வெள்ளைக்காரன் எண்ட பேரைச் செல்லுறானா? இஞ்ச கறண்ட் பில்லுலயே எண்ட பேரை ஒழுங்கா எழுதுறானுகள் இல்ல." சொல்வதை அவர்கள் பக்கம் செல்வது என்பார்கள். பிறகு குரல் மாறியது. "அனுப்பு. கேட்டுட்டுச் செல்றன்."

அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் ஆலையில் பெட்டிகளை மாறி மாறி அடுக்கி ஏச்சு வாங்கினேன். நாலாம் நாள் அவனே எடுத்தான்.

"கேட்டன் மச்சான். பொஞ்சாதியும் கேட்டா. இந்தப் புள்ளைக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா."

"என்ன தெரியும்?"

"தோள்."

அவன் சொன்னான். அந்த வருடம் சாம்பல்தீவுக்கு வர முந்தி, மாரிக்குள்ளே, அவனைப் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்திருக்கிறார்கள். கையைப் பின்னால் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். ஆர், எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விட்ட பிறகு வீட்டில் இருக்க வழி இல்லை. அதுதான் வலைக்கு வந்தான்.

"எனக்குத் தெரியாது நசார்."

"தெரியாதுதான். நான் செல்லல்ல. செல்லப் பயம். நீயும் கேக்கல்ல. அந்த நாள்ல ஆரு ஆரைக் கேட்டது? அண்டைக்கு நாப்பது பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். சிரிக்காட்டி என்னமோ இருக்கு எண்டு பாப்பாங்களே."

பம்புச் சத்தம் நின்றிருந்தது.

"நாப்பது பேரில ஒருத்தனுக்கும் விளங்காதது ஒண்ட மகளுக்கு விளங்கியிருக்கு. மிச்ச ரெண்டு வரி எங்க?"

"அவளுக்குத் தெரியாது."

"செல்லல்லயா?"

"இல்ல."

"செல்லு. என்ன பாடுறன் எண்டு தெரிஞ்சு பாடட்டும். பேர் கிடக்கட்டும். நான் ஒண்ணும் செத்துப் போகல்லயே பேரை எடுக்க."

7

மனைவி வயோதிபர் இல்லத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். மகள் குசினியில் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். முன்னால் போய் இருந்தேன். நாலு வரியையும் சொன்னேன். பாடவில்லை. சொன்னேன்.

சோத்துக்குக் கை நீளும் என்ற இடத்தில் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"ஆர் கட்டினது?"

"நான்."

"ஏன்?"

"வலை வரவேணும். ஆக்கள் சிரிக்கவேணும்."

"அவர் தோள் நோ எண்டு உங்களிட்டச் சொன்னவரோ?"

"அண்டைக்குக் காலமை சொன்னவன்."

"சொன்ன பிறகோ கட்டினீங்கள்?"

"ஓம்."

மிச்சத்தையும் சொன்னேன். மாரி, பதினொரு நாள், லோஞ்ச். அவள் அழவில்லை. அவளும் என்னைப் போலத்தான், முகத்தில் ஒன்றும் தெரியாது.

"நீங்களும் சிரிச்சனீங்களோ?"

"முதல் சிரிச்சதே நான்தான்."

"நான் ரெண்டு வருசமா மேடையில நிண்டு உங்களைப் பற்றி என்ன சொன்னனான் எண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

"ஓம்."

"ஒரு சொல்லுச் சொல்லேல்ல."

"சொல்லேல்ல."

எழும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு இல்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவும் இல்லை. சாப்பிட வந்தாள், தட்டைக் கழுவி வைத்தாள், போனாள். சனிக்கிழமை கோப்பிக் கடையில் வேறு பாட்டுகள் பாடினாள். இதைப் பாடவில்லை. அந்தக் கிழவி வந்திருந்தார். என்னைக் கண்டு கையைக் காட்டினார். நான் திருப்பிக் காட்டவில்லை.

எனக்கு என்ன பயம் என்று எழுதிவிடுகிறேன். பாட்டு வராமல் போய்விடும் என்று இல்லை. அவள் வேறு பாட்டுக் கட்டுவாள். சறுக்குப் பலகையில் இருந்து கேட்டவள், அந்த ஐந்து பனிக்காலத்தையும் வேண்டாம் என்று என்னிடம் திருப்பித் தந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

8

ஞாயிறு கணினியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். அதே படிவம். ஊர்ப் பாட்டு என்று போட்டதை அழித்திருந்தாள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"தமிழ் வரி எழுதினவர் ஆர்?"

"நான்."

"முழுப் பேர் சொல்லுங்கோ."

சொன்னேன். அடித்தாள். கந்தோர்க்காரர் தலைகீழாகப் பதிந்த மாதிரி இல்லை. என் பெயர் என் பெயருக்குரிய இடத்தில், அப்பாவின் பெயர் அதற்குரிய இடத்தில். என் பெயர் இப்படி ஒழுங்காக ஒரு இடத்தில் ஏறியது இந்த நாட்டில் இதுதான் முதல் தரம். அது இந்த வரிக்குக் கீழே ஏறியது.

"மிச்ச ரெண்டு வரியும் கடைசியில வருது" என்றாள். "பெட்டி இல்லாமல். தனிக் குரலில. நேற்று நீங்கள் இல்லாத நேரம் பதிஞ்சிட்டன்."

சரி என்றேன். அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்தாள். அமத்தவில்லை.

"அவற்ற நம்பரைத் தாங்கோ."

"அவன் ஓம் எண்டிட்டான் பிள்ளை. போடட்டாம்."

"அது உங்களுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லேல்ல. பாடுறது நான்."

கொடுத்தேன். குசினி மேசையில் போனை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விட்டாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. நான் எழும்பப் பார்த்தேன். இருங்கோ என்று கையைக் காட்டினாள். என்ன கேட்கப் போகிறாளோ என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டை விடலாமோ என்று கேட்பாள் என்று நினைத்தேன். அப்பாவை மன்னியுங்கோ என்று சொல்லிவிடுவாளோ என்றும் நினைத்தேன். அதைச் சொல்லக்கூடாது என்று மனதுக்குள் இருந்தது. அது என் வேலை.

"ஆரு?"

"நசார் மாமா, நான் துளசி. யோகன்ர மகள். பாட்டுப் பாடின பிள்ளை."

"ஆ. செல்லுங்க மகள்."

"உங்கட தோள் இப்ப எப்பிடி மாமா?"

அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கிற சத்தம் கேட்டது.

"இடது பக்கம்தான் மகள்" என்று தொடங்கினான். "மழை வந்தா…"

நான் எழும்பினேன். இந்தத் தரம் அவள் மறிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள். அவன் என்ன சொன்னான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டவளுக்குத்தான் அவன் சொன்னது.